அண்ணன் இருமல்

ஏசி மெக்கானிக் தன் தொழிலில் எத்தனையோ கட்டடங்களில் இருமியிருக்கிறான். வங்கியில் இருமியிருக்கிறான், பல் ஆஸ்பத்திரியில் இருமியிருக்கிறான், ஒருமுறை ஒரு நீதிபதியின் அறையில் ஏணிமேல் நின்று அவர் வழுக்கைக்கு நேர் மேலாக இருமியிருக்கிறான். ஃபில்டரைக் கழற்றினால் தூசி கொட்டும், தூசி கொட்டினால் இருமல் வரும். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? யாரும் எங்கேயும் எழுந்து நின்று கைதட்டியதில்லை, அந்த ஒலிப்பதிவுக் கூடத்தைத் தவிர.

அங்கே அவன் போனது தண்ணீர் சொட்டும் ஏசியைப் பார்க்க. ஏணியைச் சாத்தி ஏறி ஃபில்டரை உருவியதும் பல வருடத் தூசி முகத்தில் கொட்டியது. கீழே ஒரு மைக் திறந்திருந்தது அவனுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குழு உட்கார்ந்திருந்ததும் தெரியாது. அவன் பாட்டுக்கு இருமினான். நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "அண்ணா!" என்று யாரோ அலறி அழும் சத்தம் கேட்டது.

அழுதவர் ரசிகர் மன்றச் செயலாளர். அவர் ஏன் அழுதார் என்று விளங்க வேண்டுமானால் அந்த ராக் பேண்டின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். அதன் பாடகரை ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிட்டது. அவர்களை உலகத்துக்குக் காட்டிய முதல் பாட்டில், பல்லவி திரும்பி வருவதற்கு முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியில் ஒரு இருமல். அப்புறம் டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும். அந்த இருமலில் ஒரு தலைமுறையே கிறங்கிப் போயிற்று. காதலர்கள் ஜன்னலுக்கு அடியில் நின்று இருமினார்கள். மாணவர்கள் பரீட்சை ஹாலில் இருமினார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மறுவருகை ஆல்பம் ஒன்று போட்டே தீருவது என்று கம்பெனி முடிவுசெய்து, புதுக் குரலைத் தேடித் தர 'தொடர்ச்சிக் குழு' என்று ஒன்றை அமைத்தது. பாடகர்கள் வரிசையில் வந்தார்கள். பலர் அண்ணனைவிட நன்றாகப் பாடினார்கள், அதனாலேயே கழிக்கப்பட்டார்கள். மற்றவர்களுக்கு இருமத் தெரியவில்லை.

குழுத் தலைவர் ஏணிக்கு அடியில் வந்து நின்றார். நரைத்த மனிதர், கோட்டும் சூட்டும், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தணிந்த குரல்.

"தம்பி, கீழ இறங்குங்க. நீங்கதான் எங்க பாடகர்."

"சார், எனக்குப் பாட வராது. குளிக்கும்போதுகூடப் பாட மாட்டேன்."

"பாட்டு சொல்லிக் கொடுத்துக்கலாம். சுருதி, தாளம் எல்லாம் பயிற்சியில வந்துடும். இருமல் பிறவியிலேயே வரணும்."

மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேலையை முடித்தான், வழக்கமான சர்வீஸ் சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். குழுவில் ஒரு வக்கீல் இருந்தார். அவர் சீட்டை வாங்கி அடிவரை படித்தார். அப்படி அதை அடிவரை படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். வியாபாரம் பெருகட்டும் என்று முதலாளி அச்சடித்து வைத்திருந்த வாசகம் அங்கே இருந்தது: 'வாடிக்கையாளர் முழுத் திருப்தி அடையும்வரை எங்கள் மெக்கானிக் இடத்தைவிட்டு நகர மாட்டார்.'

"நாங்க இன்னும் திருப்தி அடையலையே," என்றார் வக்கீல், ரொம்ப அன்பாக.

மெக்கானிக் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் முதலாளிக்குப் போன் போட்டான்.

"என்னப்பா இப்படிக் கேக்கற?" என்றார் முதலாளி. "அவங்க எல்லாக் கிளையோட ஏசியையும் நமக்கே குடுத்துட்டாங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்து. திருப்தியாகாம வந்துடாதே."

அன்று மாலையே அவனை மூன்றாவது மாடியில் அண்ணன் அறையில் வைத்தார்கள். அண்ணன் விட்டுப்போனபடியே அந்த அறை இருந்தது. வெளிச் சத்தம் வரக்கூடாது என்று ஜன்னலை அடைத்துப் பூசியிருந்தார்கள். அண்ணன் தேநீரில் சர்க்கரை போட மாட்டார், அதனால் இவனுக்கும் இல்லை. அண்ணன் இடப்பக்கம் சாய்ந்து நடப்பார், அதனால் இவன் வலது செருப்புக்குள் அட்டையைச் சொருகினார்கள். கட்டடத்துக்குள் எல்லாரும் அவனை அண்ணன் என்றுதான் அழைக்க வேண்டும் என்று உத்தரவு. காலையில் தம்பி என்று கூப்பிட்ட தலைவரே, தன் மகன் வயதுள்ளவனிடம், "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்று குனிந்து விசாரித்தார். மெக்கானிக் கூச்சத்தில் நெளிந்தான்.

அவன் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இருமல் மருந்தோடு வாசலுக்கே வந்துவிட்டாள். வாசல் காவலர் நல்ல மனிதர், ஆனால் விதியை மனப்பாடம் செய்தவர்.

"யாரைம்மா பாக்கணும்?"

"என் வீட்டுக்காரரை."

"இங்க அப்படி யாரும் இல்லம்மா. அண்ணன் இருக்காரு. அண்ணனைப் பாக்கணும்னு சொல்லுங்க, விடறேன்."

"கட்டின புருஷனை அண்ணன்னு கூப்பிடச் சொல்றீங்களா? உங்களுக்கு வீட்ல பொண்டாட்டி இருக்கா இல்லையா?"

"இருக்காம்மா. இங்க சமையல் வேலைக்கு வரா. அவளும் அண்ணன்னுதான் கூப்பிடறா."

வெயில் கொளுத்தியது. கால் வீங்கியிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணனைப் பாக்கணும்," என்றாள். காவலர் கதவைத் திறந்துவிட்டு மருந்து பாட்டிலை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். அண்ணனுக்கு மருந்து அனுமதி இல்லை.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். பேச ஒரு ஒலிபெருக்கி.

"என்னங்க இது கூத்து?"

"இருமல் ஒரு தடவை சரியா வந்துட்டா விட்டுடுவாங்க. நாலு நாள்ல வந்துடறேன். பிரசவத்துக்குப் பக்கத்துல இருப்பேன், கவலைப்படாதே."

நாலு நாளில் வந்திருப்பான், தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால். அழுக்கு ஃபில்டர் ஓடும் அறையில் தூங்குவது அவனால் முடியாத காரியம். போன அன்றே அண்ணன் அறை ஏசியைக் கழற்றிக் கழுவிவிட்டான். பொழுது போகாததால் மற்ற மாடிகளையும் கழுவினான். கட்டடமே மலைக்காற்று வீசுவதுபோல் ஆயிற்று. இருமல் போன இடம் தெரியவில்லை.

ஒலிப்பதிவு நாளில் வாத்தியங்கள் நின்றன. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மெக்கானிக் முக்கி முனகி என்னவோ செய்தான். பூனை தும்முவதுபோல் ஒன்று வந்தது.

ரசிகர் மன்றச் செயலாளர் முகத்தை மூடிக்கொண்டார்.

குழு அவசரமாகக் கூடியது. தூசிக்கென்று ஒரு ஆலோசகர் நியமிக்கப்பட்டார். அவர் கம்பெனியின் பழைய கம்பளங்களை எல்லாம் வரவழைத்து அண்ணன் அறையில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் ஆள் வைத்து அடிக்கச் சொன்னார். இருமல் வந்தது. ஆனால் ஒருநாள் அது ரொம்ப நீளம், மறுநாள் ரொம்ப சோகம், இன்னொரு நாள் 'நல்ல இருமல்தான், ஆனால் அதில் நம்பிக்கை தெரிகிறது' என்று திருப்பி அனுப்பினார்கள். மெக்கானிக்கின் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது.

இதற்குள் மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று வீட்டிலிருந்து தகவல் வந்தது. அவன் ஓடிப்போய்க் குழுவின் முன்னால் நின்றான்.

"சார், ஒரு நாள் விடுங்க. குழந்தை பிறக்கப் போகுது."

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணனுக்குக் குழந்தை கிடையாதே," என்றார் தலைவர்.

"எனக்குப் பிறக்கப் போகுது சார்."

"அதுதான் சிக்கல். உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல. இந்தக் குழு கல்நெஞ்சக் குழு இல்ல. ஆனா இன்னிக்கு நாங்க அண்ணனுக்கு ஒரு குழந்தையைக் கொடுத்தோம்னா, அண்ணனை நம்பியிருக்கற லட்சக்கணக்கான பேருக்கு நாளைக்கு என்ன பதில் சொல்லுவோம்?"

அவர்கள் விவாதித்து முடிப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. குழுவின் தீர்மானத்தை வக்கீல் வாசித்தார். குழந்தையின் தாய் வாசலில் அவனை அண்ணன் என்று ஒப்புக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். அண்ணனின் தங்கைக்குப் பிறந்த குழந்தைக்கு அவன் தாய்மாமன். ஆகவே குழந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மாமாவைப் பார்க்கத் தடையில்லை.

"எவ்வளவு அழகா முடிச்சுட்டோம் பாத்தீங்களா?" என்றார் தலைவர். உண்மையிலேயே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "யாரையும் புண்படுத்தல."

மெக்கானிக் அறைக்குப் போய்க் கம்பளங்களுக்கு நடுவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுகை இருமலில் போய் முடிந்தது. அது வராந்தாவில் வைத்திருந்த மைக்கில் பதிவாகி, பரிசீலிக்கப்பட்டு, 'ஈரம் அதிகம்' என்று நிராகரிக்கப்பட்டது.

பேண்டின் டிரம்மர் வயதானவர், வாயைத் திறந்து பேசாதவர், சட்டைப்பையில் எப்போதும் வறுத்த கடலை வைத்திருப்பவர். ஒருநாள் ஒத்திகை முடிந்து, மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"டாக்டர்கிட்ட காட்டுப்பா."

"விட மாட்டேங்கறாங்களே."

"அண்ணனையும் விடல." டிரம்மர் குரலைத் தாழ்த்தினார். "அவன் எப்படிப் போனான்னு நினைக்கிற? மேடைக்கு மேடை இருமச் சொன்னாங்க. சும்மா தொண்டையில சத்தம் காட்டிட்டிருந்தவனுக்கு நிஜமாவே வந்துடுச்சு. இருமி இருமித்தான் போனான்."

மெக்கானிக் அடுத்த இருமலை அடக்கப் பார்த்தான்.

"அதுல என்ன வேடிக்கைன்னா, முதல் பாட்டுல இருமினது அவன் இல்ல. நான். கடலை தொண்டையில சிக்கிக்கிச்சு. மறுபடி எடுக்க அன்னிக்கு நேரமில்ல. எனக்கும் சொல்லிக்கக் கூச்சமா இருந்தது. விட்டுட்டேன்."

மெக்கானிக் டிரம்மரின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குழு அறையில் நிறுத்தினான். தப்பித்தாயிற்று என்ற சந்தோஷத்தில் அவனுக்கு வார்த்தை குழறியது. இருமல் இவருடையது, தன்னுடையது இல்லை, அண்ணனுடையதும் இல்லை, எனவே தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றான்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். டிரம்மரை இருமிக் காட்டச் சொன்னார். டிரம்மர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு இருமினார். நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு. அப்படியே பழைய இசைத்தட்டு.

பிறகு தலைவர் எழுந்தார்.

"இந்த இருமல் பேர்ல ஒரு தெரு இருக்கு. இதை ஆராய்ச்சி பண்ணி ஒருத்தர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கார். அதுல ஒரு தலைமுறையோட கோபம் இருக்குன்னு அவர் நிரூபிச்சிருக்கார். இப்ப நீங்க வந்து அது கடலைங்கறீங்க. ஒரு தலைமுறையோட கோபம் கடலையா இருக்க முடியுமா? நாங்க உண்மைக்கு எதிரிங்க இல்ல. நானே நிறைய உண்மை பேசியிருக்கேன். ஆனா இந்த உண்மை ரொம்பத் தாமதமா வந்திருக்கு. வர்றதுன்னா முன்னாடியே வந்திருக்கணும்."

டிரம்மர் இனிமேல் கட்டடத்துக்குள் இருமக் கூடாது, இருமினால் அண்ணனின் உரிமையை மீறியதாகும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. அன்றுமுதல் டிரம்மர் தொண்டை கரகரத்தால் மூன்று மாடி இறங்கித் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வருவார்.

"வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்," என்றார் அவர் மெக்கானிக்கிடம். ஆனாலும் அவர் தெருவுக்குப் போகலாம். மெக்கானிக் அதைப் பார்த்து ஏங்கினான்.

குழந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், நின்றாள். அவள் பார்த்ததெல்லாம் இடப்பக்கம் சாய்ந்தபடி இருமிக்கொண்டே கையசைக்கும் ஒரு ஆளை. "மாமாவுக்கு டாட்டா சொல்லு," என்று காவலர் சொல்லிக் கொடுத்தார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்றே ஒலிப்பதிவும் வைத்தார்கள். அன்று மனைவியும் குழந்தையும் காத்திருந்த கண்ணாடி அறையின் ஒலிபெருக்கியை யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள். வாத்தியங்கள் நின்றன. அந்த அமைதியில், "மாமா!" என்று ஒரு மழலை கணீரென்று கேட்டது. அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். மெக்கானிக் ஒரு கணம் மலைத்து நின்றான். பிறகு கம்பளத் தூசி தன் வேலையைச் செய்தது, இருமினான்.

சவுண்ட் இன்ஜினியர் பதிவைப் போட்டுக் காட்டினார். குழு கேட்டது. மறுபடி கேட்டது. செயலாளர் விம்மினார். தலைவர், "ஏற்றுக்கொள்ளப்படுகிறது," என்றார்.

மறுவருகை ஆல்பம் சக்கைப்போடு போட்டது. விமர்சகர்கள் அந்த மழலையைப் பற்றியே பத்தி பத்தியாக எழுதினார்கள். எதிர்காலம் கடந்தகாலத்தைக் கூப்பிடுகிறதாம், கடந்தகாலம் இருமிப் பதில் சொல்கிறதாம். மெக்கானிக் தன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றான்.

"திருப்திதானே சார்?"

"ரொம்பத் திருப்தி. ஆனா முழுத் திருப்தி இல்ல," என்றார் வக்கீல்.

"அடுத்த ஆல்பத்துலயும் அந்த 'மாமா' வேணும்னு ரசிகர்கள் கேக்கறாங்க," என்றார் தலைவர். "மாமா இல்லாம அண்ணன் இல்லன்னு ஆகிப்போச்சு. குழந்தையை ஒரே ஒரு தடவை மைக் முன்னால சொல்ல வைங்க. பதிவானதும் நீங்க வீட்டுக்குப் போகலாம். இனிமே இருமக்கூட வேண்டாம், இருக்கற இருமலையே வெச்சு ஓட்டிக்கறோம். எழுதியே தரேன்."

எழுதியும் கொடுத்தார்கள். மெக்கானிக் அதை எத்தனை முறை படித்தும் நம்ப முடியாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பெண்ணுக்கு அப்பாவாக வீட்டுக்குப் போக வேண்டுமானால், அவள் ஒருமுறை தன்னை மாமா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், வீட்டுக்குப் போய் மாற்றிச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த முதல் 'மாமா'வைக் கேட்ட நாளிலிருந்து அவன் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த அவன் போட்டோவைச் சுவரில் மாட்டி, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் பாடம் நடத்தினாள். "இது யாரு? அப்பா. சொல்லு, அப்பா." போட்டோவில் அவன் நேராக நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

பதிவு நாளில் முதல் முறையாகக் கண்ணாடி இல்லாமல் அவளை அவனிடம் கொடுத்தார்கள். அவன் அவளைத் தூக்கினான். இவ்வளவு கனமாக இருப்பாள் என்று அவன் நினைக்கவே இல்லை. அன்று அவன் குளித்து, தலை வாரி, செருப்பு அட்டையை எடுத்துவிட்டு நேராக நின்றிருந்தான். ஒலிப்பதிவுக் கூடத்தின் ஏசியைக் கழுவி வைத்திருந்தான், குழந்தைக்குத் தூசி ஆகாது என்று. சிவப்பு விளக்கு எரிந்தது. குழு கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி நுனிக்கு வந்தது.

குழந்தை அவன் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகம். நேராக நிற்கும், சிரிக்கும் முகம். அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"அப்பா!"

கூடம் முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். ஓரத்தில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான்.

"என்ன சார் பண்ணலாம்?" என்றது இன்ஜினியரின் குரல், ஒலிபெருக்கியில்.

"அழிச்சுடுங்க," என்றார் தலைவர். "சம்பந்தமில்லாத சத்தம்."

"சார், சார்!" மெக்கானிக் பதறினான். "அதை மட்டும் அழிக்காதீங்க. உங்களுக்கு வேணாம்னா எனக்குக் குடுத்துடுங்க. எம்பொண்ணு முதல் தடவையா சொல்லியிருக்கா."

"அண்ணனுக்குக் குழந்தை கிடையாதே," என்றார் தலைவர். அவர் குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. இன்ஜினியர் ஒரு பொத்தானை அழுத்தினார். அழிவதற்குச் சத்தம் கிடையாது. "குழந்தை சொல்லட்டும். நாங்க காத்திருக்கோம்."

மெக்கானிக் மகளைப் பார்த்தான். "மாமா சொல்லும்மா," என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அந்தக் கூடத்தில் அன்று ஒரு துளி தூசி கிடையாது, அவனே கழுவியது. ஆனாலும் இருமல் வந்தது. நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு. அந்த வேகத்தில் உடம்பு தானாகவே இடப்பக்கம் சாய்ந்தது.

குழு முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.

குழந்தை அவன் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். பின்னால் சாய்ந்து அவனை உற்றுப் பார்த்தாள். இருமுகிற, சாய்ந்து நிற்கிற இந்த ஆளை அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கிற ஆள். அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"மாமா!" என்றாள்.

இன்ஜினியர் கட்டை விரலை உயர்த்தினார். தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தார்.

"பதிவாயிடுச்சு. அண்ணன் இனி வீட்டுக்குப் போகலாம்."